கடைசிப் பொத்தான்

தருமபுரியில் நாங்கள் குடியிருக்கும் தெருவின் கோடியில் ஒரு மாரியம்மன் கோயில் உண்டு. ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், பம்பையும் உடுக்கையும் ஒலிபெருக்கியும் ஒருங்கே முழங்கிக்கொண்டிருந்த வேளையில், என் 7 வயதுப் பேரன் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்து அலறத் தொடங்க, அவனுடைய தாயாகிய என் மகள், கூட்டத்தைப் பற்றியோ கூட்டம் தன்னைக் குறித்து நினைப்பதைப் பற்றியோ சிறிதும் கவலைப்படாமல் அவனைப் பின்புறமாக இறுகத் தழுவி, தன் உள்ளங்கைகளை அவன் கைகளின்மேல் வைத்து அழுத்திக்கொண்டு, அலறல் அடங்கும் வரையில் அசையாமல் அமர்ந்திருந்தாள். அருகில் நின்ற மூதாட்டி ஒருத்தி, தீய எண்ணம் எதுவுமின்றி, மெய்யான இரக்கத்தோடே, "எந்த ஜென்மத்துல செஞ்ச வினையோ, பாவம், இந்தப் பொண்ணு சுமக்குது" என்று பெருமூச்சு விட்டாள். என் மகள் நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் பார்த்தேன், ஆனால் பதில் சொல்ல எனக்கு வாய் எழவில்லை. 32 ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் தமிழ் கற்பித்து, ஊழ் என்ற அதிகாரத்தை எத்தனையோ முறை நடத்தி, வினையைப் பற்றி மேடையிலும் பேசியவன், இரவு நேரங்களில் அந்த மூதாட்டியின் கேள்வியைத் தனக்குத்தானே கேட்டுக்கொண்டிருந்தால், பகலில் அவளுக்கு என்ன பதில் சொல்ல முடியும்?

என் மகளின் தொழில் ஆக்குபேஷனல் தெரபி. இந்த ஊரில் அதைச் சொன்னால் பாதிப் பேர் பிஸியோதெரபி என்று எண்ணிக்கொள்கிறார்கள். மீதிப் பேர், பிள்ளைகளுக்குத் தொழில் கற்றுக்கொடுக்கிறாள் போலும் என்று நினைத்து, தையலா தச்சா என்று விசாரிக்கிறார்கள். பல் துலக்குவது, சட்டை போடுவது, சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோவது, பென்சில் பிடிப்பது, கூட்டத்தில் நிற்பது என்று நாம் எண்ணிப் பாராமலே செய்துவிடும் காரியங்கள் எவர்க்குக் கைகூடவில்லையோ, அவர்க்கு அவற்றைக் கைகூட வைக்கும் வித்தை அது. 1917-இல் அமெரிக்காவில் அத்தொழிலுக்கென்று ஒரு சங்கம் ஏற்பட்டது. அந்நாட்டிலே எலிசபெத் லண்டி என்ற பெயரோடு பிறந்து, இந்தியர் ஒருவரை மணந்து கமலா நிம்ப்கர் ஆன அம்மையார், 1950-இல் பம்பாயில் அதற்கு ஒரு பள்ளியை நிறுவினார். செயல்முறை மருத்துவம் என்றும் தொழில்வழிச் சிகிச்சை என்றும் தமிழில் பெயரிட்டுப் பார்த்திருக்கிறார்கள். "வினை மருத்துவம் என்று வைத்துக்கொண்டால் என்ன?" என்று நான் ஒரு நாள் கேட்டபோது மகள் சிரித்துவிட்டாள். "செய்வினை எடுக்கிறவங்கன்னு நினைச்சுக்குவாங்கப்பா" என்றாள்.

பிள்ளைக்கு ஒன்றரை வயதாகும்போதே அவள் கண்டுகொண்டாள். பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமையும், வேண்டிய பொருளை விரலால் சுட்டாமையும், பொம்மைக் காரைத் தரையில் ஓட்டாமல் கவிழ்த்துப்போட்டு அதன் சக்கரத்தையே நெடுநேரம் சுழற்றிக்கொண்டிருந்ததும் எங்கள் கண்ணுக்கு ஒரு குழந்தையின் பிடிவாதமாகத் தோன்ற, அவள் கண்ணுக்கு அவை நாள்தோறும் தன் எதிரில் வந்து உட்காரும் பிள்ளைகளின் அடையாளங்களாகத் தோன்றின. அவனுடைய அப்பனும் மூன்று வயதில்தான் பேசினான் என்று சம்பந்தி வீட்டாரும், எல்லாம் தானாக வரும் என்று நானும் சொல்லிச் சொல்லி ஓராண்டைக் கழித்தோம். பிறகு மருத்துவர் எழுதித் தந்த சொல் ஆட்டிசம். அதற்கு மதியிறுக்கம் என்று ஒரு தமிழாக்கம் வழங்குகிறது. எனக்கு அதில் விருப்பமில்லை. இறுகியிருப்பது பிள்ளையின் மதியா, பார்க்கிறவர்களின் மதியா என்ற சந்தேகம் எனக்கு இன்றளவும் தீராமையால், ஊரார் சொல்வதுபோல் ஆட்டிசம் என்றே எழுதுகிறேன்.

வினைக்கு வருவோம். தமிழில் அது விசித்திரமான சொல். இலக்கண வகுப்பில் அதைச் சொன்னால், ஓடினான், வந்தாள் என்று பிள்ளைகள் உதாரணம் தருவார்கள். கோயில் வாசலில் அதே சொல்லைச் சொன்னால் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். வடமொழியின் கர்மத்துக்கும் இதே இரட்டை முகம். செய்வதும் அதுவே, செய்ததன் பயனாக வந்து சூழ்வதும் அதுவே. சைவ சித்தாந்தம் இதை மூன்றாக வகுத்து, பல பிறவிகளில் ஈட்டிக் குவித்ததைச் சஞ்சிதம் என்றும், அந்தக் குவியலிலிருந்து இப்பிறவிக்கென்று எடுத்து நுகர்வதைப் பிராரத்தம் என்றும், நுகரும்போதே புதிதாக ஈட்டுவதை ஆகாமியம் என்றும் பெயரிட்டு வழங்குகிறது. மூதாட்டி பேசியது பிராரத்தத்தைப் பற்றி. அவள் பேசிக்கொண்டிருந்த அதே கணத்தில் என் மகளின் கைகள் பிள்ளையின் காதுகளின்மேல் செய்துகொண்டிருந்தது ஆகாமியம். நம் நாட்டில் பிராரத்தத்தைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இத்தகைய ஆகாமியத்தைச் செய்ய மாவட்டத்துக்கு விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே இருக்கிறார்கள்.

சித்தாந்தத்தைச் சரியாகப் படித்தவர் ஒருவரும் அந்த மூதாட்டி சொன்னதைச் சொல்லமாட்டார் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். தாய் செய்த வினை பிள்ளையின் உடம்பில் வந்து பலிக்கும் என்பது சாத்திரமே ஆகாது. அவரவர் வினை அவரவர்க்கு. உடம்பும், கருவிகளும், உலகமும், நுகர்ச்சியும் ஆகிய தனு கரண புவன போகங்கள் உயிருக்குத் தண்டனையாக விதிக்கப்பட்டவை என்றும் சித்தாந்தம் சொல்லவில்லை. இருளில் கிடக்கும் உயிருக்கு விடியும் வரையில் ஏற்றிவைத்த விளக்காகவே உடம்பைச் சித்தாந்த ஆசிரியர் உமாபதி சிவாசாரியார் காண்கிறார். ஆயினும் இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது; வாசலில் வேறு கதை நடக்கிறது. என் அபிப்பிராயத்தை இலக்கண ஆசிரியன் முறையிலேயே சொல்லிவிடுகிறேன்: வினைக் கொள்கை தன்மை இடத்தில் மட்டும் பேசத்தக்கது. என் வினை என்று ஒருவன் தன்னைக் குறித்துச் சொல்லிக்கொண்டால் அதிலே ஓர் அடக்கமும், துன்பத்தைப் பொறுக்கும் திடமும் பிறக்கலாம். படர்க்கைக்கு மாறி அவள் வினை, அவன் வினை என்று சொன்ன மாத்திரத்தில், கொள்கை கெட்டுப் பழிச்சொல் ஆகிவிடுகிறது.

வள்ளுவர் இதை அறிந்தவர். ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்து, அதை மிஞ்ச ஒன்றுமில்லை என்பதுபோல் பேசியவர், ஆள்வினையுடைமை என்று இன்னோர் அதிகாரம் வகுத்து, அதில் 618-ஆம் குறளில், பொறி இல்லாமை எவருக்கும் பழியாகாது, முயற்சி இல்லாமையே பழி என்ற கருத்தை நாட்டுகிறார். பொறி என்பதற்கு நல்ல விதி என்று பரிமேலழகர் பொருள் கொண்டார். உடம்பின் உறுப்பு என்று கொண்டவர்களும் உண்டு. பள்ளியில் நான் பரிமேலழகரையே பின்பற்றினேன். இப்போது இரண்டு பொருளும் ஒரே சொல்லுக்குள் இருப்பதை நினைத்தால் அது தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை. எங்கள் ஊருக்கு அருகில் பாப்பாரப்பட்டியில் 1925-இல் உயிர்நீத்த சுப்பிரமணிய சிவாவை நினைத்துக்கொள்ளுங்கள். சிறைவாசம் தந்த தொழுநோயைச் சுமந்து, அந்நோயைக் காரணம் காட்டி ரயிலில் ஏற அனுமதி மறுக்கப்பட்டபோது கால்நடையாகவும் வண்டியிலும் ஊர் ஊராகச் சென்று பேசிய அம்மனிதரைப் பார்த்தும் எவராவது வினை என்று பெருமூச்சு விட்டிருப்பார்கள்.

இது நம் நாட்டு மூடத்தனம் என்று தலைகுனிந்துகொள்ளவும் வேண்டியதில்லை. 1943-இல் அமெரிக்க மருத்துவர் லியோ கானர் 11 குழந்தைகளைக் கூர்ந்து நோக்கி ஆட்டிசத்தை விவரித்தார். அதன் பின்னர் ஏறக்குறைய ஒரு தலைமுறைக் காலம், தாயின் மனம் குளிர்ந்து உறைந்திருப்பதுதான் பிள்ளை இப்படித் தனக்குள் ஒடுங்குவதற்குக் காரணம் என்று படித்த மேதாவிகள் பேசிவந்தார்கள். 1967-இல் புரூனோ பெட்டல்ஹைம் அதையே ஒரு பெரிய புத்தகமாக எழுதினார். பாவம் என்ற சொல்லை நீக்கிவிட்டு அந்த இடத்தில் பாசமின்மை என்ற சொல்லை வைத்தால், எங்கள் தெரு மூதாட்டிக்கும் அந்தப் பண்டிதருக்கும் என்ன வேற்றுமை? மூதாட்டியிடம் இரக்கமாவது இருந்தது. அந்தக் கொள்கையை முதலில் தகர்த்தவர்களுள் ஒருவரான பெர்னார்ட் ரிம்லாண்ட் ஓர் உளவியலறிஞர். ஆட்டிசம் உள்ள மகனுக்குத் தகப்பன். 1964-இல் வெளியான அவருடைய புத்தகம் காரணத்தைத் தாயின் மடியிலிருந்து எடுத்து, பிள்ளையின் நரம்பு மண்டலத்தில் வைத்தது. 1962-இல் லண்டனில் பெற்றோர் சிலர் கூடி அமைத்த சங்கத்தில் முன்நின்ற லோர்னா விங் ஒரு மனநல மருத்துவர். ஆட்டிசம் உள்ள மகளுக்குத் தாய். ஆட்டிசம் என்பது ஒரே அச்சில் வார்த்த ஒன்றாக இல்லாமல், வானவில்லின் நிறங்களைப் போல் ஒன்றிலிருந்து ஒன்று கலந்து விரியும் வரிசை என்று உலகுக்குச் சொன்னவர் அவரே. படித்த படிப்பும் பெற்ற பிள்ளையும் ஒரே வீட்டில் கூடும்போது பழைய கேள்விகள் வேறுவிதமாகக் கேட்கப்படுகின்றன என்பதற்கு இவர்கள் சாட்சி.

வினை என்று சொல்லுகிறவர்கள் ஒரு பக்கம். தெய்வக் குழந்தை என்று சொல்லுகிறவர்கள் மறுபக்கம். இரண்டாமவர்களிடம் நான் சற்று அதிகமாகவே மயங்கினேன் என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். பேசாதிருந்த பிள்ளையை ஆதிசங்கரரிடம் தகப்பனார் கொண்டுவந்து நிறுத்த, நீ யார் என்று ஆசாரியர் கேட்டதும் அப்பிள்ளை ஆத்ம சொரூபத்தைச் சுலோகங்களாகச் சொல்லி, ஹஸ்தாமலகர் என்ற பெயரோடு சீடரானார் என்ற வரலாறு எனக்குப் பாடம். ஸ்ரீவைகுண்டத்துக் குமரகுருபரர் 5 வயது வரையில் ஊமையாயிருந்து, பெற்றோர் திருச்செந்தூரில் கிடந்து வேண்ட, முருகன் அருளால் வாய் திறந்து கந்தர் கலிவெண்பா பாடியதும் பாடமே. பேரனுக்கு 5 வயது முடியும் தறுவாயில், மகளிடம் காரணம் சொல்லாமல், கடற்கரையைப் பார்த்துவிட்டு வரலாம் என்று பொய் சொல்லி, அவர்களைத் திருச்செந்தூருக்கு அழைத்துச் சென்றேன். சந்நிதிக் கூட்டத்தில் அவன் கால்மணி நேரம்கூட நிற்கவில்லை. வெளியே ஓடி, அலை நனைத்த மணலில் குப்புறப் படுத்து, இரண்டு கைகளையும் முழங்கை வரையில் ஈர மணலுக்குள் புதைத்துக்கொண்டு, அந்தப் பாரத்தின் சுகத்தில் கண்ணை மூடிச் சிரித்தான். வாய் திறந்தது; பாட்டு வரவில்லை. என் மகள் எல்லாம் தெரிந்தவளாய் என்னைப் பார்த்து, "வேண்டிக்கிட்டீங்களா அப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

அவனை மௌன ஞானி என்று சொல்லுகிற அன்பர்களிடம் இப்போதெல்லாம் நான் விவாதம் செய்வதில்லை. தட்சிணாமூர்த்தியின் மௌனம் நிறைவின் மௌனம். இவனுடையதோ, தாகம் எடுக்கும்போது தண்ணீர் என்று சொல்ல வழி தெரியாமல் தன் மணிக்கட்டையே கடித்துக்கொள்ளும் மௌனம். அதற்கு மாலை போட்டுக் கும்பிடுவது, தண்ணீர் கொடுக்காமல் தப்பித்துக்கொள்ளும் வழி. மகள் ஓர் அட்டையில் தண்ணீர்க் குவளையின் படத்தை ஒட்டி, அதை அவன் எடுத்துக் கொடுத்தால் தண்ணீர் வரும் என்று பழக்கினாள். மணிக்கட்டில் தழும்பு இப்போது மங்கிவிட்டது.

பிள்ளைகளின் புலன்களைப் பற்றி அவள் சொன்ன விஷயங்களை நான் முதலில் அலட்சியமாகவே கேட்டேன். கலிபோர்னியாவில் பணியாற்றிய ஜீன் அயர்ஸ் என்ற தெரபிஸ்ட் 1972-இல் வெளியிட்ட நூலிலிருந்து தொடங்கி அவள் விளக்குவாள்: கண்ணும் காதும் மட்டுமா புலன்? தோலின் தொடுவுணர்வு ஒன்று. தசையும் மூட்டும் தம் நிலையைத் தாமே அறியும் உணர்வு ஒன்று. காதின் உள்ளே இருந்து தலையின் சாய்வையும் சுழற்சியையும் அறியும் சமநிலை உணர்வு ஒன்று. அடியில் கிடக்கும் இந்த மூன்றும் ஒன்றோடொன்று ஒழுங்காகக் கோத்துக்கொள்ளாவிட்டால், மேலே படிப்பும் பேச்சும் ஏறுவது கடினம் என்பது அயர்ஸின் கருத்து. இதைக் கேட்டபோது எனக்குத் தொல்காப்பிய மரபியல் நினைவுக்கு வந்தது. ஓரறிவு உயிர் முதல் ஆறறிவு உயிர் வரை வரிசைப்படுத்தும் அந்நூல், தொடுவுணர்வை முதல் அறிவாக வைத்து, சுவை, மோப்பம், காட்சி, கேள்வி என்று ஏறி, மனத்தை ஆறாவதாக உச்சியில் வைக்கிறது. நம் முன்னோர்க்கு எல்லாம் தெரியும் என்று மார்தட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தப் பழக்கம் எனக்குப் பிடிக்காது. தொடுவதிலிருந்துதான் ஏறவேண்டும் என்று இருவேறு காலத்தில் இருவர்க்குத் தோன்றியிருக்கிறது, அவ்வளவே.

மகளும் தன் தொழிலை மிகைப்படுத்திச் சொல்லுகிறவள் இல்லை. இந்தப் புலன் சிகிச்சைகளுக்கு ஆதாரம் இன்னும் போதாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் 2012-இல் வெளியிட்ட அறிக்கையைப் பற்றி அவளே என்னிடம் சொன்னாள். ஆனால் ஒகேனக்கல்லில் நான் கண்ணால் கண்டது ஒன்று உண்டு. இலேசாகத் தொட்டால் நெருப்புப் பட்டதுபோல் துள்ளும் பேரனை, அங்கே பாறைமேல் உட்கார்ந்து எண்ணெய் தேய்த்துவிடும் தொழிலாளி ஒருவர், வழக்கம்போல் உள்ளங்கையை ஊன்றி, தோளிலிருந்து இடுப்பு வரையில் அழுத்தி அழுத்தித் தேய்த்தபோது, பிள்ளை வாழ்நாளில் அதுவரை காணாத அமைதியோடு படுத்துக் கிடந்தான். மெல்லிய தொடுகை அவனுக்குத் துன்பம், கனத்த அழுத்தம் சுகம் என்று மகள் பலமுறை சொல்லியிருந்ததை, எந்தப் புத்தகமும் படிக்காத அந்த எண்ணெய்க் கைகள் ஐந்து நிமிஷத்தில் எனக்கு விளக்கிவிட்டன. பிறகு பரிசலில் ஏறினோம். பரிசல்காரர் துடுப்பை ஒருபுறமாகவே போட்டு அதைப் பம்பரமாகச் சுழற்ற, எனக்குத் தலைசுற்றி உயிர் போயிற்று. அவன் இன்னும் இன்னும் என்பதுபோல் என் கையைப் பிடித்துத் தண்ணீரை நோக்கித் தள்ளினான்.

இவ்வளவும் வெளிப்புறம். உள்ளே இருக்கும் சங்கடம் வேறு. அதை ஒரு நாள் இரவு, பிள்ளை உறங்கிய பிறகு, மகளே சொன்னாள். "கிளினிக்குக்கு வர்ற பிள்ளைக்கு முக்கால் மணி நேரம், முடிஞ்சா அவங்க அம்மாகிட்ட கொடுத்துருவேன். இவன எந்த அம்மாகிட்டப்பா கொடுக்கிறது? இவனோட சும்மா விளையாடி எத்தன நாளாச்சு தெரியுமா? பந்தைக் கொடுத்தாலும் அதுக்குள்ள ஒரு பயிற்சி இருக்கு, சோறு ஊட்டினாலும் அதுக்குள்ள ஒரு பயிற்சி இருக்கு." சீர்திருத்த வேண்டிய பொருளாகப் பிள்ளையைப் பார்க்கும் கண்ணும், உள்ளபடியே நிறைந்தவனாக அவனைப் பார்க்கும் கண்ணும் ஒரே முகத்தில் இருந்தால், எந்தக் கண்ணால் பார்ப்பது? மாற்றவேண்டும் என்ற முயற்சி ஒவ்வொன்றும், நீ இப்படி இருப்பது போதாது என்று அவனிடம் சொல்வதாகிவிடுமா? முயற்சியை விட்டுவிட்டால் அது அன்பாகுமா, சோம்பலாகுமா? வேதாந்திகள் ஞானத்துக்கும் கர்மத்துக்கும் இடையே நடத்திய பழைய வழக்கு, ஒரு தெரபிஸ்டின் அடுக்களையில் இப்படி வந்து நின்றது.

நான் கற்பித்த இலக்கியத்தை அன்றிரவு புரட்டிப் பார்த்தேன். அது எனக்கு முதலில் ஆறுதல் தரவில்லை. புறநானூற்றின் 28-ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், குருடும் கூனும் ஊமையும் செவிடும் உட்பட எட்டுவகைக் குறைப்பிறப்புகளை அடுக்கி, அவற்றைப் பயனற்ற பிறப்பென்று சோழன் நலங்கிள்ளிக்கு எடுத்துரைக்கிறார். அவ்வையின் பெயரால் வழங்கும் தனிப்பாடல் ஒன்று, மானிடராய்ப் பிறப்பதே அருமை, அதிலும் குறையின்றிப் பிறப்பது அருமையிலும் அருமை என்று ஏணிப்படி வைத்துப் பேசுகிறது. மேடைதோறும் நான் முழங்கிய பாட்டு அது. குறையோடு பிறந்தவனை அந்த ஏணியின் எந்தப் படியில் நிறுத்துவது என்று ஒரு மாணவனும் என்னைக் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை.

ஆனால் அவ்வையார் ஒருவர் அல்லர். ஏணி வைத்த அவ்வை பிற்காலத்தவர். தகடூர் என்று அன்று பெயர்பெற்ற இந்த எங்கள் ஊரில், அதியமான் நெடுமான் அஞ்சியின் அவையில் இருந்த அவ்வை வேறு. அவள் பாடியதாகப் புறநானூற்றில் 92-ஆம் எண்ணோடு நிற்கும் சிறு பாட்டைப் பல ஆண்டுகள் நான் தவறாகவே நடத்தியிருக்கிறேன். மழலையைப் பற்றிய பாட்டு என்றவுடன், குழலையும் யாழையும் விட மழலை இனிது என்ற வள்ளுவர் கருத்தை இழுத்துவந்து இதன்மேல் போர்த்திவிடுவது ஆசிரியர் வழக்கம். அவ்வை இனிமை என்றே சொல்லவில்லை. யாழோடு சேராது, காலத்தோடு பொருந்தாது, பொருளும் விளங்காது என்று மழலையின் மூன்று குறைகளை ஒளிக்காமல் எண்ணிவிட்டு, அப்படியிருந்தும் அதைக் கேட்கும் தந்தையர்க்கு அருள் சுரக்கிறது என்கிறாள். தன் சொல்லும் அதுபோன்றதே, நீ அருளுடையவன் ஆகையால் ஏற்றுக்கொள்கிறாய் என்று மன்னனிடம் முடிக்கிறாள். என் பேரன் நள்ளிரவில் எழுந்து உட்கார்ந்து, அரைமணி நேரம் ஒரே உயிரெழுத்தை மூக்கால் இழுத்துக்கொண்டிருக்கும் ஒலி இனியது அன்று. இனியது என்று சொல்கிறவர் அதைக் கேட்டதில்லை. இசை, காலம், பொருள் என்று அவ்வை எண்ணிய அந்த மூன்றையுமே என் மகளின் குறிப்பேடும் எண்ணுகிறது; மூன்றிலும் அவனுக்கு மதிப்பெண் இல்லை. பாட்டிலோ அருள், அந்த மூன்றும் கூடிவரும் வரையில் காத்திருக்கவில்லை. குறையை இல்லையென்று மறைக்கவும் அது சொல்லவில்லை.

இந்தப் பொருளை மகளிடம் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "அதியமானுக்கு ராத்திரி தூக்கம் வந்திருக்கும்பா" என்றாள். அதற்கு உரையாசிரியர் எவரும் விடை எழுதிவைக்கவில்லை.

பலனில் பற்று வையாமல் செயலைச் செய் என்ற கீதையின் உபதேசமும் அவளிடம் செல்லுபடியாகாது. அவளுடைய தொழிலே பலனை எழுதிவைத்துச் செய்வது. இத்தனை வாரத்தில் இத்தனை பொத்தான் என்று குறிப்பேட்டில் எழுதாவிட்டால், முயற்சி சரியான வழியில் போகிறதா என்பதே தெரியாது. ஆனால் அவள் பிள்ளைக்குச் சட்டை போடக் கற்றுக்கொடுத்த முறையைப் பார்த்தபோது, நிஷ்காம கர்மத்துக்கு நான் இதுகாறும் கேட்ட வியாக்கியானங்களைவிட நல்ல வியாக்கியானம் ஒன்று எனக்குக் கிடைத்தது. நாம் எதையும் முதலிலிருந்து கற்பிப்போம். அவர்கள் கடைசியிலிருந்து கற்பிக்கிறார்கள். சட்டையைக் கொண்டுவந்து, கையை நுழைத்து, காலரைத் திருத்தி, ஆறு பொத்தான்களில் ஐந்தைத் தாயே போட்டு, ஆறாவதையும் துளைக்குள் பாதி நுழைத்துவிட்டு, மீதிப் பாதியை இழுப்பதை மட்டும் பிள்ளைக்கு விடுகிறாள். அவன் இழுக்கிறான், சட்டை போட்டாயிற்று, காரியம் முடிந்த திருப்தி முழுவதும் அவனுக்கு. அது பழகியபின் கடைசிப் பொத்தான் முழுவதும் அவனுடையது. பிறகு கடைசி இரண்டு. முதலிலிருந்து கற்பித்தால் பாடுபடுவது பிள்ளை, முடித்து மகிழ்வது தாய்; களைப்புத்தான் பிள்ளைக்கு மிஞ்சும். இந்த முறையிலோ பாடு தாயுடையது, பலன் முதல் நாளே பிள்ளைக்குப் போய்ச்சேர்கிறது. பலனை விடுவதென்றால் அதை வெட்டவெளியில் எறிவது என்று நான் எண்ணியிருந்தேன். அதை வாங்கிக்கொள்ள ஒரு கை எதிரே இருக்கவேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

அந்த ஒரு பொத்தானுக்கு 11 வாரம் ஆயிற்று. ஒரு நாளில் எட்டுத் தேர் செய்யவல்ல தச்சன், ஒரு மாதம் கருதிச் செய்த ஒற்றைச் சக்கரத்தை அதியமானுக்கு அவ்வை உவமையாக்கியது ஏன் என்பதும் அந்த 11 வாரத்தில் எனக்கு ஒருவாறு விளங்கிற்று. எங்கள் ஊர்ப்புறத்திலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவளிடம் வரும் பெற்றோரில் பலர் அன்றன்றைக் கூலியை இழந்துவிட்டு வருகிறவர்கள். சேலத்துக்கும் பெங்களூருக்கும் அலைந்து கைப்பொருள் கரைந்தவர்களும் உண்டு. 11 வாரம் என்று அவர்களிடம் எந்த முகத்தோடு சொல்வது என்பது அவளுக்கு நாள்தோறும் உள்ள கவலை. வீட்டிலேயே செய்யும்படி சொல்லிக்கொடுத்து அனுப்புகிறாள். ஊஞ்சலுக்குப் பதில் விட்டத்தில் கட்டிய சேலைத் தூளி, கனப் போர்வைக்குப் பதில் மடித்த கம்பளி, பயிற்சிப் பொருளாக ஒரு முறம் நிறையக் கேழ்வரகு.

நெல்லிக்கனிக் கதை இந்த ஊரில் எல்லோரும் அறிந்தது. உண்டவரை நெடுநாள் வாழவைக்கும் அக்கனியைத் தான் உண்ணாமல் அவ்வைக்கு ஈந்தான் அதியமான். அந்த ஈகையைப் போற்றி நானும் எவ்வளவோ பேசியிருக்கிறேன். இப்போது அந்தக் கனி என் கைக்குக் கிடைத்தால் எவருக்கும் கொடுக்கமாட்டேன். பிட்டு, பாதியை மகளுக்கும் பாதியை மருமகனுக்கும் மறைவாக ஊட்டிவிடுவேன். எங்களுக்குப் பிறகு யார் என்ற கேள்வி இத்தகைய பிள்ளைகளைப் பெற்ற வீடுகளில் விளக்கணைத்த பிறகுதான் பேசப்படும். 1999-இல் இயற்றிய தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி, ஆட்டிசம் உள்ளவர் 18 வயதைக் கடந்த பிறகும் அவருக்குச் சட்டப்படியான பாதுகாவலரை நியமிக்க மாவட்ட ஆட்சியர் அங்கம் வகிக்கும் குழு இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரித்த 21 வகைக் குறைபாடுகளில் ஆட்டிசமும் ஒன்று. இவை நல்லவையே, மகள் தன்னிடம் வரும் பெற்றோருக்கெல்லாம் இவற்றைச் சொல்லி, மனு எழுதவும் உதவுகிறாள். ஆனால் குழு நியமிக்கும் பாதுகாவலருக்கு, அவனை இலேசாகத் தொடக்கூடாது, அழுத்தித்தான் தொடவேண்டும் என்று யார் சொல்லி வைப்பது? அதற்காகவே அவள் இன்னொரு குறிப்பேடு எழுதிவருகிறாள். அதில் மதிப்பெண் இல்லை. அவனுக்கு எந்த ஒலி பயம், எந்தச் சோறு இறங்கும், அழும்போது எந்த மூலையில் விடவேண்டும் என்பவை மட்டுமே உள்ளன.

அந்த மூதாட்டியை மறுபடி சந்தித்தேன். தை மாதத்தில் அதே கோயிலில், கூட்டமில்லாத ஒரு முற்பகலில், நாங்கள் பேரனை அழைத்துச் சென்றிருந்தபோது, அவள் அருகில் வந்து, பிள்ளையின் தலையை வருடக் கையை நீட்டினாள். "பாட்டி, மெதுவா வேண்டாம், தோள்ல நல்லா அழுத்திப் பிடிங்க" என்றாள் மகள். மூதாட்டி ஒன்றும் புரியாதவளாய், ஆனால் சொன்னபடியே, வயல் வேலையில் காய்த்துப்போன இரண்டு கைகளாலும் அவன் தோள்களை இறுகப் பற்றினாள். அவன் உதறவில்லை. அந்த ஒரே உயிரெழுத்தை இழுத்துக்கொண்டு நின்றான். "என்னமோ சொல்றானே, என்ன சொல்றான்?" என்று அவள் என்னைக் கேட்டாள். தெரியவில்லை என்றேன்.

நேற்றுக் காலையில் அவன் மூன்று பொத்தான்களைத் தானே போட்டுக்கொண்டான். ஒரு துளை தள்ளிப் போட்டதால் சட்டையின் ஒரு பக்கம் இறங்கித் தொங்கிற்று. திருத்த எழுந்த என்னை மகள் கண்ணால் தடுத்தாள். அவன் அப்படியே பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், ஆட்டோ வரும் திசையைப் பார்த்து நின்றான்.